கிளனாட்

கிளனாட் என்பது ஜப்பானைச் சேர்ந்த கீ நிறுவனத்தினால் உருவாக்கப்பட்டு, 2004 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் விண்டோசு இயங்குதளத்துக்காக வெளியிடப்பட்ட ஒரு காட்சிப் புதினம் ஆகும். கனோன் (1999), ஏர் (2000) ஆகியவற்றை அடுத்து வந்த இது, இந்நிறுவனத்தின் மூன்றாவது ஆக்கமாகும். முன்னைய இரண்டும் முதலில் வயது வந்தோருக்கு மட்டும் உரியனவாக வெளிவந்தன. கிளனாட் தொடக்கம் முதலே அனைத்து வயதினருக்கும் உரியதாக வெளியிடப்பட்டது. குடும்பம் என்பதே இதன் மையப்பொருள். ஐரிய மொழியில் "கிளான்" என்னும் சொல் பிள்ளைகள், குடும்பம் ஆகிய பொருள்களைத் தரும்.

ஆடும் முறை

காட்சிப் புதினம் என்பது நிகழ்பட ஆட்ட வகைகளுள் ஒன்று. ஏனைய ஆட்டங்களைப் போலன்றி இதில் ஆடுபவர் பெரும்பாலான நேரத்தை வாசிப்பதிலேயே செலவிடுவார். திரையில் பின்னணி ஓவியமும் அதன் மேல் கதைமாந்தரின் உருவமும் தோன்றும். உரையாடலும் விவரிப்பும் எழுத்து வடிவில் காட்டப்படும். ஒவ்வொரு சொடுக்குக்கும் கதை சிறிது முன்னே நகரும்.

சில இடங்களில் கதை நின்று, இரண்டு அல்லது மூன்று தெரிவுகள் திரையில் தோன்றும். மதிய வேளையில் எங்கே செல்வது, ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்குவதா மறுப்பதா என்பன போன்ற எளிய வினாக்களாகவே இவை பெரும்பாலும் அமையும். எனினும் கதை எந்த மாந்தரின் கிளைக்குள் செல்லும் என்பதை இத்தெரிவுகளே முடிவு செய்கின்றன. எவருடைய கிளையிலும் சேராத வகையில் தெரிவுகள் அமையுமாயின் கதை விரைவில் முடிந்துவிடும்.

எனவே ஒருமுறை ஆடி முடிப்பதால் முழுக்கதையையும் அறிய இயலாது. ஆடுபவர் தெரிவு வரும் இடங்களில் ஆட்டத்தைச் சேமித்து வைத்து, பின்னர் அங்கிருந்து வேறு வழியில் தொடரலாம். ஏற்கெனவே வாசித்த பகுதிகளை விரைவாகக் கடந்து செல்லும் வசதியும் உண்டு.

கதை

குறிப்பு: கதையின் முடிவு பற்றிய விவரங்கள் இதன் கீழே தரப்பட்டுள்ளன.

கதைத்தலைவன் ஒகாசாகி தொமோயா மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவன். சிறு வயதிலேயே தாயை விபத்தில் இழந்தவன். தந்தை நவோயுகியுடன் ஏற்பட்ட சண்டையில் தோள் காயமடைந்ததால் கூடைப்பந்தாட்டத்தைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் இருவரும் ஒரே வீட்டில் அந்நியரைப் போல வாழ்கின்றனர். தான் வாழும் நகரத்தையே அவன் வெறுக்கிறான். ஒரு நாள் காலை, பள்ளிக்குச் செல்லும் மேட்டுப்பாதையின் அடியில் தயங்கி நிற்கும் புருகவா நாகிசாவைச் சந்திக்கிறான். நோயின் காரணமாக அவள் மூன்றாம் ஆண்டை மீண்டும் படிக்கிறாள். கலைந்துபோன நாடகக் கழகத்தை மறுபடியும் தொடங்குவது அவளது விருப்பம்.

ஆட்டம் "பள்ளி வாழ்க்கை", "பிற்கதை" என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியின் ஒவ்வொரு கிளையிலும் குடும்பம் தொடர்பான ஒரு துயரம் இடம்பெறுகிறது. அவற்றுள் சில:

இபுகி ஃபூகோ: விபத்தில் நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் சிறுமி. அவளது உருவம் பள்ளியில் நடமாடுகிறது. மரத்தில் நட்சத்திர மீன்களைச் செதுக்கி, அவற்றை மாணவர்களுக்குக் கொடுத்துத் தன் அக்காவின் திருமணத்துக்கு அழைக்கிறாள். நாள் செல்லச் செல்ல அனைவரும் அவளை மறந்து போகின்றனர்.

இசினொசே கொதொமி: விமான விபத்தில் பெற்றோரை இழந்த அறிவுக்கூர்மை மிக்க மாணவி. பெற்றோர் இறுதியாக அனுப்பிய பரிசு, பல நாட்டு மக்களின் கைகளைக் கடந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவளை வந்தடைகிறது.

சகாகாமி தொமோயோ: பள்ளிப் பாதையின் செர்ரி மரங்கள் வெட்டப்படுவதைத் தடுப்பதற்காக மாணவர் மன்றத் தலைவியாக முயல்பவள்.

"பிற்கதை" நாகிசாவின் கிளையின் தொடர்ச்சியாகும். தொமோயா மின்பணியாளராக வேலைக்குச் சேர்ந்து அவளை மணக்கிறான். மகள் உஷியோ பிறந்த நாளிலேயே நாகிசா இறந்துவிடுகிறாள். மனமுடைந்த தொமோயா மகளை அவளது பாட்டி சனாயே, தாத்தா அகியோ ஆகியோரிடம் விட்டுவிட்டு ஐந்து ஆண்டுகள் விலகி வாழ்கிறான். பின்னர் ஒரு பயணத்தின்போது தன் தந்தையின் தாயைச் சந்திக்கிறான். மனைவியை இழந்த தன் தந்தையும் இதே நிலையில் இருந்து தன்னை வளர்த்தார் என்பதை அப்போது உணர்கிறான். அதன்பின் மகளைத் தன்னுடன் அழைத்துக் கொள்கிறான். ஆனால் உஷியோவையும் தாயின் நோயே தாக்குகிறது.

ஒளிக்கோளங்கள்

கிளைகளை ஒன்றிணைக்கும் கூறு ஒளிக்கோளம் ஆகும். ஒரு மாந்தரின் கதை நல்லபடியாக நிறைவடையும்போது ஆடுபவருக்கு ஓர் ஒளிக்கோளம் கிடைக்கும். இது அம்மனிதர் அடைந்த மகிழ்ச்சியின் அடையாளம். தந்தை நவோயுகியுடன் தொமோயா மனம் ஒன்றிப் பிரியும்போதும் ஒரு கோளம் தோன்றுகிறது. போதிய கோளங்கள் சேர்ந்த பின்னரே "பிற்கதை" திறக்கும். அனைத்தும் சேர்ந்த பின்னரே நாகிசா உயிர் பிழைக்கும் உண்மையான முடிவு கிடைக்கும்.

இதனால் நாகிசாவின் கிளையை மட்டும் பின்தொடரும் ஒருவரால் அவளைக் காப்பாற்ற இயலாது. நகரத்தில் உள்ள ஏனையோரின் துயரங்களையும் கேட்டுத் தீர்த்தவருக்கே அது இயலும். ஒரு குடும்பத்தின் நலம் ஊராரின் நலத்தோடு பிணைந்தது என்னும் கருத்தைக் கதை உரையால் மட்டுமன்றி ஆட்டத்தின் அமைப்பாலும் உணர்த்துகிறது.

உருவாக்கம்

கதையை மயேதா ஜுன், கை, சுசுமோதோ யூயிச்சி ஆகியோர் எழுதினர். மாந்தர்களை ஹினோஉவே இதாரு வரைந்தார். இசையை மயேதா, ஒரிதோ ஷின்ஜி, தோகொஷி மகோமே ஆகியோர் அமைத்தனர். 2002 ஆம் ஆண்டில் வெளியிடத் திட்டமிடப்பட்டிருந்த இவ்வாட்டம் காலதாமதமாகி 2004 இல் வெளிவந்தது.

வெளியீடுகள்

முதற்பதிப்பில் மாந்தர்களுக்குக் குரல் இல்லை. 2006 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிளேசுடேசன் 2 க்கு வந்த பதிப்பில் குரல்கள் சேர்க்கப்பட்டன. குரலுடன் கூடிய விண்டோசுப் பதிப்பு 2008 பிப்ரவரி 29 அன்று வெளியானது. பின்னர் பிளேசுடேசன் 3 (2011), பிளேசுடேசன் 4 (2018), நின்டெண்டோ சுவிட்ச் (2019) உள்ளிட்டவற்றுக்கும் பதிப்புகள் வந்தன. தொமோயோவின் கிளையைத் தொடரும் "தொமோயோ ஆஃப்டர்" என்னும் தனி ஆட்டம் 2005 நவம்பரில் வெளியானது.

ஆங்கில மொழிபெயர்ப்புக்காக செகாய் புராஜெக்ட் நிறுவனம் 2014 நவம்பரில் தொடங்கிய கூட்டு நிதி திரட்டலில் ஐந்து இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் சேர்ந்தது. அம்மொழிபெயர்ப்பு 2015 நவம்பர் 23 அன்று வெளியிடப்பட்டது.

அசைவூட்ட வடிவங்கள்

தேசாகி ஒசாமு இயக்கிய திரைப்படத்தை டோயி நிறுவனம் 2007 செப்டம்பர் 15 அன்று வெளியிட்டது. கியோட்டோ அனிமேசன் தயாரித்து இஷிஹாரா தத்சுயா இயக்கிய தொலைக்காட்சித் தொடர் 2007 அக்டோபரிலும், அதன் இரண்டாம் பகுதியான "பிற்கதை" 2008 அக்டோபரிலும் தொடங்கின.

ஆட்டத்தில் தனித்தனிக் கிளைகளாக உள்ளவற்றைத் தொடரில் ஒரே காலவரிசையில் அமைக்க வேண்டியிருந்தது. ஃபூகோ, கொதொமி ஆகியோரின் கதைகள் நாகிசாவின் கதைக்குள் இணைக்கப்பட்டன. தொமோயா வேறொருத்தியைக் காதலிப்பதாக அமையும் கிளைகளை அவ்வாறு இணைக்க இயலவில்லை. ஆகவே தொமோயோ, புஜிபயாஷி கியோ ஆகிய இருவரின் கிளைகளும் "மற்றோர் உலகம்" என்னும் தலைப்பில் தனிச் சிறப்புப் பகுதிகளாக வெளியிடப்பட்டன.