நிலத்தில் ஊன்றிய நங்கூரம்

நங்கூரம் என்னும் சொல் பாரசீக ‘லங்கர்’ என்பதோடு உறவுடையது, கப்பலுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் உழவு நிலத்திற்கும் ஒரு நங்கூரம் தேவைப்பட்டது.

1849இல் பஞ்சத்தால் நலிந்த அயர்லாந்தைக் கண்ட ஜான் ஃபௌலர், நீர் தேங்கிய நிலங்களைக் குறைந்த செலவில் வடிக்கும் இயந்திரத்தைத் தேடினார். அத்தேடல் அவரை நீராவி உழவிற்கு இட்டுச்சென்றது. எடைமிக்க எஞ்சின் வயலில் இறங்கினால் மண் இறுகும். ஆகவே எஞ்சினை வயலோரம் நிறுத்திக் கம்பிவடத்தால் கலப்பையை இழுத்தனர். வடம் சுற்றித் திரும்ப எதிர் ஓரத்தில் ஒரு கப்பி வேண்டும். வடத்தின் இழுவிசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கை அக்கப்பி தாங்கவேண்டும்; உழவு நகர நகரத் தானும் இடம்பெயரவேண்டும். அடித்த முளை தாங்கும், நகராது; சாதாரண வண்டி நகரும், தாங்காது.

ஃபௌலரின் நங்கூர வண்டி இம்முரணைத் தட்டுச் சக்கரங்களால் தீர்த்தது. அவற்றின் கூரிய விளிம்புகள் மண்ணுள் ஆழ இறங்கின. பக்கவாட்டு இழுப்பை மண்சுவர் தடுத்தது. வயலோரமாகச் சக்கரங்கள் தடையின்றி உருண்டன. வண்டி கவிழாதிருக்க மறுபுறம் பாரம் ஏற்றினர்.

1858இல் இங்கிலாந்து அரச வேளாண் கழகம் ஃபௌலரின் நீராவிக் கலப்பைக்கு 500 பவுண்டு பரிசளித்தது. பின்னர் வயலின் இருபுறமும் எஞ்சின்களை நிறுத்தும் முறை பரவியது; எதிர்ப்புற எஞ்சினின் எடையே நங்கூரமாயிற்று. நீராவி உழவின் வரலாறு இழுத்த எஞ்சினைப் போற்றுகிறது. இழுப்புக்கு அசையாமல் நின்ற வண்டிக்கும் அதில் சம பங்குண்டு.