வேலை மேசையும் பச்சிலைக் கொத்தும்

மார்கழித் தொடக்கத்தில் இலண்டனில் பகற்பொழுது எட்டு மணித்தியாலம்கூட நிறைவதில்லை. மாலை நான்கு மணிக்கெல்லாம் இருள் கவிந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் நம் அங்கத்தவர்கள் பலருக்கு வீட்டின் ஓர் அறையே கந்தோராக அமைந்துவிட்டது. நத்தார் விடுமுறை நெருங்கியதும் பிள்ளைகள் அந்த வேலை மேசையிலும் பச்சிலைக் கொத்து வைத்து, மின்விளக்கு மாலை கட்டுகிறார்கள். "வேலை செய்யும் இடத்துக்கு அலங்காரம் எதற்கு?" எனக் கேட்கும் பெரியோர்களும் உளர். இந்நாட்டு வரலாறு இதற்குத் தக்க விடை தருகிறது.

வீடும் தொழிலிடமும் ஒன்றாயிருப்பது புதுமையன்று. பழைய இலண்டனில் வணிகரும் கைவினைஞரும் கீழ்த்தளத்தில் கடை நடத்தி, மேல்மாடியில் குடியிருந்தனர். தொழில் பழகும் இளைஞர்களும் அதே வீட்டில் உண்டு உறங்கினர். நத்தார் வந்ததும் வீடுகளையும் தேவாலயங்களையும் ஹொலி, ஐவி முதலிய, குளிரிலும் பசுமை மாறாத இலைகளால் அலங்கரித்தனர் என்று ஜோன் ஸ்டோ 1598இல் வெளியான தம் இலண்டன் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். அலங்காரமும் ஓய்வும் சேர்ந்தே வந்தன.

இவ்வழக்கத்துக்கு ஒருகாலத்தில் பெரும் சோதனை நேர்ந்தது. மன்னர் முதலாம் சார்ள்சுடன் போரிட்ட பாராளுமன்றத்தில் தூய்மைவாதிகளின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. நத்தார் கொண்டாட்டத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்பது அவர்கள் கொள்கை. 1647ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பாராளுமன்றம் நத்தார் பண்டிகையை ஒழித்துச் சட்டம் செய்தது. அதற்கு ஈடாக, மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வேலையாட்களுக்கும் மாணவர்களுக்கும் ஓய்வுநாளாக விதிக்கப்பட்டது.

மக்கள் இதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு நத்தாரன்று இலண்டன் இளைஞர்கள் கோர்ன்ஹில் தெருவின் பொது நீர்க்குழாய் மேடையைப் பச்சிலைகளால் அலங்கரித்தனர். அவற்றை அகற்ற நகர முதல்வரே நேரில் வரவேண்டியதாயிற்று. கன்ரர்பரி நகரிலோ கடைகளைத் திறந்து வியாபாரம் செய்யுமாறு முதல்வர் ஆணையிட்டார். கொதித்தெழுந்த மக்கள், திறந்திருந்த சில கடைகளின் பொருட்களை வீசியெறிந்தனர். வீட்டு வாயில்களில் ஹொலிக் கிளைகளை நாட்டினர். குற்றம் சாட்டப்பட்டவர்கள்மீது வழக்குத் தொடர 1648இல் ஊர்ச் சான்றாயம் மறுத்துவிட்டது. இந்தக் கலகம், அவ்வாண்டு கென்ற் மாவட்டம் முழுவதும் கிளர்ந்தெழுவதற்கு ஒரு காரணமாயிற்று. 1660இல் முடியாட்சி மீண்டபின் தடையும் நீங்கிற்று.

பின்னர் தொழிற்சாலைகளும் பெரிய கந்தோர்களும் எழுந்தன, விடுமுறைகள் அருகின. இங்கிலாந்து வங்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 33 விடுமுறைகளை அனுசரித்து வந்தது. 1834இல் அவை நான்காகக் குறைக்கப்பட்டன. அந்நான்கில் நத்தாரும் ஒன்று. 1843இல் வெளிவந்த சார்ள்ஸ் டிக்கென்சின் நத்தார்க் கதையில், ஓர் எழுதுவினைஞன் குளிரும் கந்தோரில் அந்த ஒருநாள் விடுமுறைக்காக முதலாளியின் கடுஞ்சொல்லைக் கேட்கிறான். 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டத்தால்தான் நத்தாருக்கு மறுநாளும் ஓய்வுநாளாயிற்று.

ஆகவே வேலை செய்யும் இடத்தில் வைக்கும் பச்சிலை வெறும் அழகுக்கானதன்று. உழைப்பவனுக்கும் ஓய்வு உரியது என்பதற்காக மக்கள் போராடிப் பெற்ற உரிமையின் அடையாளம் அது. ஆயுத பூசையன்று கருவிகளுக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டி, அன்று அவற்றைத் தொடாதிருக்கும் நமக்கு இது புரியாததல்ல.

இன்று கந்தோர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், கதவை மூடிவிட்டு வருவதற்கு வழியில்லை. இரவு பத்து மணிக்கும் கடிதங்கள் வந்து விழுகின்றன. பிள்ளைகள் உங்கள் மேசையில் விளக்கு மாலை கட்டினால் தடுக்காதீர்கள். அதை ஏற்றும்போது கணினியை அணைத்துவிட்டு, அவர்களோடு வந்து அமருங்கள்.