ஃபியூஸ் கட்டையும் கரன்ட்டும் ஒரே குழியில்!

சிதம்பரம் டூர் என்றால் நம்மவர்களுக்கு ஒரே ரூட்தான். காலையில் நடராஜர், மதியம் பிச்சாவரத்தில் படகு, சாயங்காலம் கடலூர் சில்வர் பீச். முடிந்தது கதை! அடுத்த தடவை ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, மேற்கே புவனகிரி, சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் என்று வண்டியைத் திருப்புங்கள். அந்தப் பக்கத்துச் சரித்திரத்தைப் பார்க்க, மண்ணுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

1930-களின் மத்தியில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீர் வந்தது. கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. வேறு ஆளாக இருந்தால் ‘சகுனம் சரியில்லை’ என்று மூடியிருப்பார். இவர் விடவில்லை. அது என்னவென்று ஆராயச் சொல்லி அதிகாரிகளிடம் போனார். பழுப்பு நிலக்கரி!

முதல்வரான காமராஜர் டெல்லியைப் பிடித்து உலுக்கியதில், 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால், கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்ட்டில்தான். ஏன் இத்தனை வருஷம்? மேலே மலை மலையாக மண். கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். ராத்திரி பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

தோண்டிப் போட்ட அந்த மேல்மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. அதை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. உங்கள் வீட்டுப் பழைய மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று ஒரு ஃபியூஸ் கட்டை இருந்ததே, அது விருத்தாசலத்துச் சரக்காக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கரன்ட்டும் அதே குழியிலிருந்து, ஃபியூஸ் கட்டையும் அதே குழியிலிருந்து... வேடிக்கைதான்! இப்போது ட்ரிப்பர் சுவிட்ச் வந்து ஃபியூஸ் கட்டையை ஓரங்கட்டிவிட்டது. அகல் விளக்கும் பொம்மையும் கைகொடுக்கின்றன.

பொம்மை செய்வதை அவசியம் பாருங்கள். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்பக்கம் தோல் மாதிரி படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே காலி, வெளியே பிள்ளையார்! காயவைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூச வேண்டியதுதான் பாக்கி.

இனி, வயல்கள். சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பல ஊர் நெல்லுக்குப் பாய்கிறது. ‘சுரங்கம் விவசாயத்தை அழித்தது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக முடியாமல் பேனாவைப் பிடித்து இழுக்கிற விஷயம் இது.

ஆனால், 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில் நடந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது? பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட வேண்டுமாம். பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. போலீஸ் காவலோடு! ‘இது எப்போதோ கையகப்படுத்திய நிலம்’ என்றது நிறுவனம். காகிதப்படி சரி. நாற்று நட்டவனுக்குக் காகிதமா தெரியும், கதிர்தானே தெரியும்? அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது.

2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. ஜனங்கள் அழுதுவிட்டு, மறுபடி கன்று நட்டார்கள். நிலமே கைவிட்டுப் போனால் கன்றை எங்கே நடுவது? அதனால்தான் வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை கேட்டு அங்கே இத்தனை போராட்டம்.

வளையமாதேவி வழக்கில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பி.காம். படித்த புத்தி, உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தொகை, அந்த ஒரு போகத்துப் பயிருக்கு மட்டும்.