மாதக்கணக்கில் சாப்பிடாத டரான்டுலா... பயப்பட வேண்டுமா? வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

வீட்டு நாய் ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலே எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடும். ஆனா மூன்று மாதம், ஐந்து மாதம், சில சமயம் ஒரு வருஷத்துக்கும் மேல் எதையும் தொடாமல், அதே நேரம் ஆரோக்கியமாகவே இருக்கும் ஒரு வளர்ப்பு உயிரினம் உண்டு. அதுதான் டரான்டுலா எனப்படும் ராட்சத சிலந்தி.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதை வளர்ப்பவர்கள் ஏராளம். 2021 ஜூலையில் போலந்தில் இருந்து சென்னைக்கு வந்த தபால் பார்சலில் 107 உயிருள்ள சிலந்திகளை சுங்கத்துறை பறிமுதல் செய்தபோதுதான், இப்படியும் ஒரு பொழுதுபோக்கு இருப்பது இங்கே பலருக்குத் தெரிய வந்தது. உரிய அனுமதி இல்லாமல் இவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவருவது சட்டவிரோதம்.

விரதத்துக்குப் பேர்போன சிலந்தி

சாப்பிடாமல் இருப்பதில் பிரபலமானது 'சிலி ரோஸ்' என்ற வகை. தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்தது. இரையைத் தேடி ஓடுகிற வேலையெல்லாம் இதற்குக் கிடையாது. வளை வாசலில் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் வந்ததைப் பிடிக்கும். வராவிட்டால் காத்திருக்கும். உடல் செலவழிக்கும் சக்தி அவ்வளவு குறைவு. அப்படிப்பட்ட சிலந்திக்குக் கண்ணாடித் தொட்டியில் வாராவாரம் கொழுத்த சுவர்க்கோழிப் பூச்சி கிடைத்தால், ஒரு கட்டத்தில் 'போதும்' என்று நிறுத்திவிடும். பெண் சிலந்தி 20 வருஷம் வரை கூட வாழும் என்பதால், அதற்குச் சில மாதங்கள் பெரிய விஷயமே இல்லை.

மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதா?

சாப்பிடாததற்கு இன்னொரு முக்கியக் காரணம் தோல் உரிப்பு. சிலந்தியின் வெளி ஓடு வளராது. உள்ளே புது ஓடு தயாரானதும் பழையதைக் கழற்றிப் போட வேண்டும். அதற்குப் பல வாரங்கள் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடும். வயிற்றின் மேல் ரோமம் உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால், அது கருத்துப் போவது தெளிவான அறிகுறி.

பெரிய தப்பு நடப்பது இதற்குப் பிறகுதான். தோல் உரிக்கும் நேரத்தில் டரான்டுலா மல்லாந்து படுத்து, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துப்போச்சு என்று நினைத்துக் குச்சியால் தட்டுவது, நிமிர்த்தி வைப்பது, குப்பையில் போட்டுவிடுவது எல்லாம் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் உடல் மிகவும் மென்மையாக இருக்கும் என்பதால், லேசாகத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து.

சாகும் நிலையில் இருக்கும் சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது. நிமிர்ந்த நிலையிலேயே, கால்கள் எல்லாம் உடலுக்கு அடியில் சுருண்டிருக்கும். சிலந்தி தன் கால்களை நீட்டுவது முக்கியமாக உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான். நீர்ச்சத்து குறைந்தால் அழுத்தமும் குறையும், கால்கள் உள்ளே மடங்கிவிடும்.

தொட்டியில் உயிருள்ள பூச்சியை விட்டு வைப்பதும் ஆபத்து. தோல் உரித்துக் கிடக்கும் சிலந்தியைச் சாதாரண சுவர்க்கோழியே கடித்துக் கொன்றுவிடும். உரித்த பிறகும் விஷப்பற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அவை கருத்துக் கெட்டியாக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதுவரை இரை கொடுக்கக் கூடாது.

பார்க்க வேண்டியது வயிற்றை

எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று காலண்டரைப் பார்ப்பதை விட, பின்பக்க வயிற்றைப் பார்ப்பதே சரி. உருண்டையாக இருந்தால் கவலை இல்லை. சுருங்கி, மடிப்பு விழுந்து, முன் உடலை விடச் சிறுத்துவிட்டால் முதலில் தேவை தண்ணீர். ஆழமில்லாத சிறு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பஞ்சு போடக் கூடாது, கிருமி சேரும். சோர்ந்துபோன சிலந்தியை வாய்ப்பகுதி தண்ணீரில் படும்படி கிண்ண விளிம்பில் மெதுவாக வைக்கலாம். ஆனால் சுவாச உறுப்பு வயிற்றுக்கு அடியில் இருப்பதால், அந்தப் பகுதி மூழ்கக் கூடாது.

சூடு பத்தவில்லையோ என்று ஹீட் பல்ப் மாட்டுபவர்கள் உண்டு. அது சிலந்தியைக் காய வைப்பதுதான் மிச்சம். அதே போல மண்ணை ஈரமாக்கினாலும் சிலி ரோஸுக்குப் பிடிக்காது, தரையைத் தொடாமல் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தவறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். புது இடத்துக்கு வந்த சிலந்தி என்றால், சில வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டாலே போதும்.

ஆண் சிலந்தி விஷயம் வேறு. முகத்தருகே இருக்கும் உணர்கால்களின் நுனி குத்துச்சண்டை கையுறை போல உப்பியிருந்தால், அது கடைசித் தோலை உரித்து முதிர்ந்துவிட்டது. இனி துணை தேடி அலையுமே தவிர சாப்பாட்டில் பெரிய ஆர்வம் இருக்காது. அதன் ஆயுளும் முடிவை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது, வாயைச் சுற்றி வெள்ளையாகப் பிசுபிசுப்பும் துர்நாற்றமும் இருந்தால். இது நூற்புழுத் தொற்றாக இருக்கலாம், பிழைப்பது கடினம். மற்ற சிலந்திகளிடம் இருந்து உடனே பிரித்து, அரிய வகை உயிரினங்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றபடி, தோல் உரிப்புக்கான அறிகுறி இல்லாதபோது, பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறிய பூச்சி ஒன்றை விட்டுப் பார்க்கலாம். தொடவில்லை என்றால் மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். இப்படியே பல மாதம் போகும். திடீரென்று ஒரு நாள் காலையில், எடுப்பதற்குப் பூச்சி இருக்காது.