காற்றில் போன மாலைகள் – 7: பாப்பா காதுகுத்துக்கு அடியில்

பையின் முடிச்சு அவிழவில்லை என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. பரண் மேல் ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதன் வாயில் நைலான் கயிறு. கடைசியில் வீட்டம்மா அரிவாள்மனையைக் கொண்டுவந்து ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துவிட்டார். "இதுக்கா இவ்ளோ நேரம்?"

உள்ளே 11 வீடியோ கேசட்டுகள் இருந்தன. கடலுக்குப் பக்கத்து வீட்டில் இரும்பு ஜன்னலே உப்புக் காற்றுக்குத் தாங்காது, அட்டை உறை எம்மாத்திரம்? தொட்டதும் உதிர்ந்தது. நாடாச் சுருளின் விளிம்பில் கோலமாவு தூவினாற்போல் வெள்ளையாகப் பூஞ்சை.

"டெக்குல போட்டுப் பாத்துடலாமா தம்பி?" என்றார் பெரியவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். மைத்துனர் கப்பலில் வேலை பார்த்தபோது சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த டெக் அவர் வீட்டில் ஒரு காலத்தில் இருந்தது. தெருவில் பாதிப் பேர் அங்கேதான் படம் பார்த்தார்களாம்.

"வேணாம் ஐயா. பூஞ்சையோட போட்டா ஹெட்டுல அப்பிக்கும். நாடாவும் போயிடும், டெக்கும் போயிடும்."

ஒவ்வொன்றாக லேபிளைப் படித்துக்கொண்டே வந்தேன். கல்யாணம், கிரகப்பிரவேசம், யாரோ கொடுத்து திருப்பித் தராத எம்.ஜி.ஆர். படம். ஒன்பதாவது கேசட்டில் கை நின்றது. முதலில் நீல மையில் 'மேட்ச் சேப்பாக்கம்' என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே 'டிவி ப்ரோக்ராம்', அதற்கும் ஒரு அடி. மூன்றாவதாகச் சிவப்பு மையில், பெரிதாக: 'பாப்பா காதுகுத்து'.

"எந்த மேட்ச் ஐயா?"

"ஆஸ்திரேலியாகாரங்கிட்ட ஒரு ரன்னுல தோத்தமே, அது. அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? அழிச்சிட்டேன்."

1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை ஆட்டம். ஆஸ்திரேலியா 270, இந்தியா 269. பெரியவரின் கோபம் நியாயமானது. அதன் மேல் சில வாரங்களுக்கு சாயங்கால டிவி நிகழ்ச்சிகளைப் பிடித்திருக்கிறார். அடுத்த தை மாதம் பெண்ணுக்குக் காதுகுத்து. கேசட்டை நாமே கொடுத்தால் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாக வீடியோக்காரர் சொல்ல, கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டிவிட்டார். "யாருக்குத் தெரியும் தம்பி, அதெல்லாம் திரும்ப வராதுன்னு?"

உலகத்தின் பெரிய பெரிய டிவி நிலையங்களில் கோட்டு சூட்டுப் போட்ட அதிகாரிகளுக்கே அது தெரியவில்லை.

லண்டனில் பி.பி.சி. செய்த கூத்தைப் பாருங்கள். அறுபதுகளில் வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம், விலையோ யானை விலை. நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறு ஒளிபரப்பு செய்யவும் முடியாது. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளையைச் சீந்த ஆளில்லை. பிறகென்ன, அழித்தார்கள், அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். 1978 வாக்கில்தான் அந்தக் கை நின்றது. 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரின் அறுபதுகளின் பகுதிகள் பலவும் அப்படித்தான் போயின. அமெரிக்காவின் நாசா இதற்கும் ஒரு படி மேலே. 1969-ல் நிலவில் மனிதன் இறங்கியதன் மூல நாடாக்களைத் தேடிக் களைத்து, அவை அழிக்கப்பட்டு மறுபடி உபயோகமாகியிருக்க வேண்டும் என்று 2009-ல் கையை விரித்தது. நிலவையே அழித்தவர்கள் இருக்கும்போது நம் லேத் பெரியவரை யார் குற்றம் சொல்ல?

ஆனால் அழிந்தது என்று முடிவு கட்டிய பிறகுதான் கதை சூடுபிடிக்கிறது. அந்தத் தொடரை பி.பி.சி. பிலிமில் பிரதி எடுத்து வெளிநாடுகளுக்கு விற்றிருந்தது. நாலு பகுதிகள் கொண்ட ஒரு முழுக் கதை 1992-ல் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தது. 2013-ல் பிலிப் மோரிஸ் என்பவர் நைஜீரியாவின் ஜாஸ் நகரத்து டிவி நிலையத்தின் ஒரு சாமான் அறையில், தூசு படிந்த பிலிம் டப்பாக்களுக்குள், காணாமல் போயிருந்த 9 பகுதிகளைக் கண்டெடுத்த செய்தி வெளியானது. 'தி வெப் ஆஃப் ஃபியர்' என்ற ஆறு பகுதிக் கதையில் ஐந்து சேர்ந்துவிட்டது. மூன்றாவது பகுதி மட்டும் இல்லை. அதை இன்னமும் தேடுகிறார்கள். அங்கே தேடும் வேலையை நிலையங்கள் மட்டும் செய்யவில்லை. ரசிகர்கள் ஊர் ஊராக, 'உங்கள் பரணைப் பாருங்கள்' என்று சொல்லிச் சொல்லியே பல பகுதிகளை மீட்டிருக்கிறார்கள்.

சரி, நம் ஊர்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவித்து 51 நாள் ஆகியிருந்தது. தூர்தர்ஷன் அப்போது தனி அமைப்புகூட இல்லை. வானொலியின் ஒரு கிளையாக இருந்து, 1976 ஏப்ரல் 1-ல்தான் பிரிந்தது. நாடா தட்டுப்பாடு, அழித்துவிட்டு மறுபடி பதியும் வழக்கம் எல்லாம் தூர்தர்ஷனிலும் உண்டு.

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி 'ஒளியும் ஒலியும்' பற்றித்தான். வெள்ளிக்கிழமை அது போடும் நேரம் தெருவில் நாய்கூட இருக்காது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். டயனோரா, சாலிடேர் டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பு மலை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் வந்தவை சினிமாப் பாட்டுகள். படம் இருக்கும்வரை பாட்டும் இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. 'எதிரொலி' என்று ஒன்று வருமே, நேயர்களின் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்களே? 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து பற்றிப் பேசிய விவசாயி? ராமானந்த சாகரின் 'ராமாயண்' 1987-ல் வந்தது, 2020 ஊரடங்கில் மறுபடியும் வந்தது. அதற்குத் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருந்தார், பாதுகாக்க ஒரு காரணமும் இருந்தது. கடிதம் போட்டவருக்கும் வேட்டிக்காரருக்கும் யார் இருக்கிறார்கள்? நாடா பற்றாத நாளில் முதலில் கைவைப்பது இந்த மாதிரி நிகழ்ச்சிகளில்தான்.

அன்றைக்குக் கேசட்டுகளைப் பத்திரமாகக் கட்டி வாங்கிக்கொண்டு, தியாகராஜ சுவாமி கோயிலுக்குள் நுழைந்தேன். வடிவுடையம்மன் சன்னதிக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம். நான் போனது சுவரைப் பார்க்க. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொல்ல, ரவி என்கிற வீரசோழத் தச்சன் இங்கே கருவறையைக் கருங்கல்லில் எழுப்பினான். ஆயிரம் வருஷம் ஆகிறது, தச்சன் பெயர் நமக்குத் தெரிகிறது. விளக்கெரிக்க ஆடு கொடுத்த கணக்கெல்லாம் சோழர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். ஆடு சாகாமலா இருக்கும்? ஒன்று செத்தால் இன்னொன்றை விட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டி, 'இது பழங்கற்படி' என்று குறிப்பும் போட்டார்கள் சோழர்கள். பிரதி எடுத்தால்தான் பிழைக்கும் என்ற புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது.

கல்லுக்கே அந்தப் பாடு என்றால், வீடியோ நாடா பாவம். பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையில் குழைத்துப் பூசிய காந்தத் தூள், அவ்வளவுதான் அது. ஈரக் காற்றில் பசை இளகும், தூள் உதிரும். நாடா பிழைத்தாலும் ஓட்ட டெக் வேண்டுமே? கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் மூட்டை கட்டிவிட்டது. 2025-க்குள் பிரதி எடுக்காத நாடாக்களைப் பிறகு ஓட்ட முடியாமலே போகலாம் என்று யுனெஸ்கோவின் திட்டம் ஒன்று 2019-ல் எச்சரித்தது. ஆகவே, இதைப் படிப்பவர்கள் வீட்டில் கேசட் இருந்தால் புத்தகம்போல் நிற்கவைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். 'காதுகுத்து' என்று எழுதியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்று இதோ சொல்கிறேன்.

ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் நண்பர். நாலு நாள் உட்கார்ந்து ஒன்பதாவது கேசட்டைப் பிரித்துத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய டெக்கோடு தேரடி வீட்டுக்கே வந்துவிட்டோம். பெரியவர், வீட்டம்மா, பாப்பா. பாப்பாவுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிறது, கூடவே அவர் மகள்.

படம் வந்தது. பந்தல், வாழைமரம், மொட்டைத் தலையில் சந்தனம், மாமன் மடியில் பாப்பா. ஆசாரி ஊசியை எடுக்கிறார். வீரிட்டு ஓர் அழுகை. "அம்மா, நீயா அது?" என்று பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பந்தியில் இலை எடுக்கும் காட்சியோடு 43-வது நிமிஷம் முடிந்தது. திரை முழுக்கப் புள்ளி. மெக்கானிக் ஸ்டாப் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

பிடித்துக்கொண்டேன். "ஓடட்டும்."

கேசட் மூன்று மணி நேரம் ஓடக்கூடியது. புதிதாகப் பதியும்போது டெக்கின் அழிப்பு ஹெட் தான் கடந்து போகும் நாடாவை மட்டும்தான் அழிக்கும். பதிவு நின்ற இடத்துக்கு அப்புறம் பழையது பழையபடியே கிடக்கும். காதுகுத்து 43 நிமிஷம். அதற்கு அப்புறம்?

புள்ளிகள் ஓடின. ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறியது. படம் இரண்டு தரம் உருண்டு, வளைந்து, நின்றது. அழுகிற குரலில் இழுத்துக்கொண்டு அந்தப் பழகிய இசை. சுழன்று சேரும் தூர்தர்ஷன் சின்னம். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அடுத்து ஒரு மேசை. மேசை மேல் ஒரு கட்டுக் கடிதம். ஒரு கை நீண்டு மேலாக இருந்த நீல இன்லண்ட் லெட்டரை எடுத்துப் பிரித்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கறக்கென்று டெக்குக்குள் ஒரு சத்தம். திரை இருண்டது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், யாரும் எதையும் தொடாதீங்க," என்றார்.

(தொடரும்)