தரவுத்தளம் எங்கே காத்திருக்கிறது?

தரவுத்தளத்தைக் கண்காணிப்பது ஒரு காலத்தில் சர்வரைக் கண்காணிப்பதாகவே இருந்தது. தரவுத்தள நிர்வாகியான டிபிஏ யூனிக்ஸ் சர்வரில் லாகின் செய்வார்; விஎம்ஸ்டாட், ஐஓஸ்டாட் கட்டளைகளை ஓடவிட்டு, சிபியு, டிஸ்க் நிலவரத்தைப் பார்ப்பார். ஆரக்கிளில் யூடிஎல்பிஸ்டாட், யூடிஎல்இஸ்டாட் என்ற இரு ஸ்கிரிப்ட்கள் இருந்தன. நெரிசல் தொடங்கும்போது முதலாவதையும், ஓய்ந்தபின் மற்றதையும் ஓட்டினால், இடைப்பட்ட நேரத்தின் கணக்கு அறிக்கையாக வரும்.

அந்த அறிக்கையில் கண்கள் முதலில் போனது பஃபர் கேஷ் ஹிட் ரேஷியோவுக்கு. கேட்ட பிளாக்குகளில் எத்தனை சதவீதம் டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியிலேயே கிடைத்தன என்பதே இந்த விகிதம். 90க்கு மேல் இருந்தால் நிம்மதி; குறைந்தால் மெமரி வாங்கு என்பது எழுதாத விதி. ஆனால் ஒரே பிளாக்கை லட்சம் முறை வீணாகப் படிக்கும் மட்டமான கொயரியும் விகிதத்தை உயர்த்திவிடும். ஆரக்கிள் நிபுணர் கானர் மெக்டொனால்ட் இதை வைத்து ஒரு குறும்பு நிரல் எழுதினார்: எவ்வளவு சதவீதம் வேண்டும் என்று சொன்னால் போதும், தண்டமான வாசிப்புகளைச் செய்தே விகிதத்தை அங்கே ஏற்றிவிடும். அதன் பிறகும் பல அலுவலகங்களில் அந்த எண்ணுக்கு மவுசு குறையவில்லை.

சரியான கேள்வி வேறு: பயனர் காத்திருக்கும் நேரம் எதில் கழிகிறது? டிஸ்க்கிலா, பூட்டிலா, சிபியுவிலா? 1992இல் வந்த ஆரக்கிள் 7, ஒவ்வொரு செஷனும் எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பதிவு செய்யத் தொடங்கியது. அன்யோ கோல்க் அதைக் கொண்டு ஒரு பகுப்பாய்வு முறையை வகுத்தார். கேரி மில்சாப், ஜெஃப் ஹோல்ட் இருவரும் 2003இல் எழுதிய நூல், விகிதங்களை விட்டு நேரத்தை அளக்கச் சொன்னது. அடுத்து வந்த ஆரக்கிள் 10ஜி, விநாடிக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் வேலையில் இருக்கும் செஷன்களை மட்டும் மாதிரி எடுத்து வைத்தது. சராசரியாக எத்தனை செஷன்கள் வேலையில் இருக்கின்றன என்பதே தரவுத்தளத்தின் சுமை என்றாயிற்று.

இலவசத் தரவுத்தளங்கள் பின்தங்கியே வந்தன. மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ கொயரி லாகில் இயல்பான வரம்பு 10 விநாடி. 9 விநாடி இழுக்கும் கொயரி அதில் தென்படாது. காத்திருப்புகளைக் காட்டும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா 5.5ஆம் பதிப்பில், 2010இல் வந்தது. போஸ்ட்கிரெஸ் அதே வசதிக்கு 2016 வரை காத்திருந்தது.

இதற்கிடையே 2009 அக்டோபரில் அமேசான், தரவுத்தளத்தை வாடகைக்குத் தரும் ஆர்டிஎஸ் சேவையைத் தொடங்கியது. பேக்கப்பும் பேட்சும் அமேசானின் பொறுப்பு. பதிலுக்கு சர்வரில் லாகின் கிடையாது. பழக்கப்பட்ட கட்டளைகள் ஒரே நாளில் கையைவிட்டுப் போயின. மிஞ்சியது அதே ஆண்டு மே மாதம் வந்த கிளவுட்வாட்ச் என்ற அமேசானின் கண்காணிப்புச் சேவை. அது ஹைப்பர்வைசரிலிருந்து, அதாவது இயந்திரத்துக்கு வெளியிலிருந்து, அளவுகளை எடுத்தது; ஆர்டிஎஸ்ஸுக்கு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஒரு நிமிடத்தில் 6 விநாடி சிபியு 100 சதவீதத்தில் திணறி, மீதி 54 விநாடி 10இல் இருந்தால், சராசரி 19. படத்தில் ஒன்றும் தெரியாது. பயனர் மட்டும் திட்டிக்கொண்டிருப்பார். இயங்குதளத்துக்கு உள்ளிருந்தே 1 விநாடி இடைவெளி வரை அளக்கும் என்ஹான்ஸ்டு மானிட்டரிங் 2015 இறுதியில்தான் வந்தது.

வாடகைக்கே உரிய அளவுகளும் பிறந்தன. 2014இல் வந்த ஜிபி2 என்ற அமேசான் டிஸ்க் வகை, ஒரு ஜிபிக்கு விநாடிக்கு 3 செயல்பாடுகள் தரும். சேமிப்பில் உள்ள 54 லட்சம் கிரெடிட் தீரும்வரை 3,000 வரை பாயும். 100 ஜிபி டிஸ்க்குக்கு அடிப்படை 300. முழு வேகத்தில் விநாடிக்கு 2,700 கிரெடிட் கரையும். 2,000 விநாடியில், அரைமணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், எல்லாம் தீர்ந்து வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். நிரலில் மாற்றமில்லை, கொயரியில் மாற்றமில்லை, தரவுத்தளம் மட்டும் படுத்துவிடும். கிரெடிட் மீதியைக் காட்டும் அளவு 2016 நவம்பரில்தான் கிடைத்தது. தீர்ந்துபோகும் பொருளை விற்றுவிட்டு, மீதியைக் காட்ட இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது நியாயமில்லை.

2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அமேசானின் பெர்ஃபார்மன்ஸ் இன்சைட்ஸ், வேலையில் இருக்கும் செஷன்களைக் காத்திருப்பு வாரியாக வண்ணம் பிரித்து, சிபியு எண்ணிக்கைக்கு ஒரு கோட்டையும் போட்டுக் காட்டியது. ஆரக்கிளில் இதே வகை வரைபடத்தில் உழைத்த கைல் ஹெய்லி அமேசானிலும் இதில் பங்காற்றினார். லாகின் திரும்பவில்லை, பெரும்பாலான சிக்கல்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இன்னும் நீடிக்கும் குறை, பழைய கணக்கு தேய்ந்துபோவது. கிளவுட்வாட்ச் நிமிடப் புள்ளிகளை 15 நாளும், ஐந்து நிமிடப் புள்ளிகளை 63 நாளும், மணிநேரப் புள்ளிகளை 455 நாளும் வைத்திருக்கிறது. சென்ற தீபாவளி விற்பனையில் எந்த நிமிடத்தில் நெரிசல் வந்தது என்பதை இந்தத் தீபாவளிக்கு முன் பார்க்க வேண்டுமானால், தனியாக நகல் எடுத்து வைத்தவருக்கே அது கிடைக்கும்.