போட்ரான் தந்த ஜோன் பக்கஸ்

புதுமையைப் படைப்போர் பலர். தாம் படைத்ததன் குறையைத் தாமே உலகறிய எடுத்துரைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராக எண்ணத்தக்கவர், ஐ. பி. எம். நிறுவனத்தின் தொடக்ககாலச் செய்நிரலாளரான ஜோன் பக்கஸ்.

1924 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பிறந்த இவரது இளமையில், பிற்காலப் பெருமைக்குரிய அறிகுறி எதுவும் தோன்றவில்லை. வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவர், வகுப்புக்களுக்கு ஒழுங்காகச் செல்லாமையால் விலக்கப்பட்டார். படைச் சேவையின் பின்னரே கணிதத்தில் நாட்டங்கொண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1950 இல் நியூ யோர்க்கிலிருந்த ஐ. பி. எம். நிலையத்துப் பெருங் கணித்தற்பொறியைக் காணச் சென்றபோது, அங்கேயே அவருக்கு வேலை வாய்த்தது.

அக்காலத்துக் கணனிக்குக் கட்டளை வரைதல் பெருந் துன்பமாயிருந்தது. பொறி செய்யவேண்டிய சிறுசிறு செயல்களை ஒவ்வொன்றாகக் குறியீட்டில் எழுதல் வேண்டும். எவ்வெண் நினைவகத்தில் எவ்விடத்திலுள்ளது என்பதையும் எழுதுவோனே நினைவிற்கொள்ளல் வேண்டும். கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய அதன் வடிவிலேயே எழுத, அதனைப் பொறியே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளல் ஆகாதோ எனப் பக்கஸ் சிந்தித்தார். 1953 இன் இறுதியில் தம் மேலாளர் கத்பேட் ஹேர்டிடம் இதனை விண்ணப்பித்து இசைவும் பெற்றார்.

கைதேர்ந்த செய்நிரலாளர் பலர் இம்முயற்சியை நம்பினாரல்லர். மனிதன் நுணுகி எழுதும் கட்டளைகளுக்கு நிகராகப் பொறி எழுதவல்லதோ என்பதே அவர்தம் ஐயம். கணனி நேரம் பெருவிலையுடையதாயிருந்த அந்நாளில் அவ்வையம் நியாயமானதே. எனவே, விரைந்தியங்கும் கட்டளைகளை ஆக்குவதையே பக்கஸ் குழுவினர் தலையாய குறிக்கோளாகக் கொண்டனர். ஏவிங் சில்லர், லோயிஸ் ஹெய்பிற் முதலியோர் இக்குழுவில் உழைத்தனர். ஆறு மாதத்தில் முடியுமென்று மீண்டும் மீண்டும் கூறப்பட்ட பணி, 1957 ஏப்பிரிலிலேயே 704 என்னும் கணனிக்குரிய போட்ரானாக வெளிவந்தது. அது ஆக்கிய கட்டளைகளின் திறங்கண்டு ஐயுற்றோரும் வியந்தனர். விஞ்ஞானியும் பொறியியலாளரும் தம் கணக்கைத் தாமே கணனிக்கு எழுதும் நிலை பிறந்தது.

1959 இல், கணனி மொழிகளின் இலக்கணத்தை ஐயமின்றி வரையறுக்கும் குறியீட்டு முறையொன்றைப் பக்கஸ் வெளியிட்டார். பீற்றர் நௌர் அதனைத் திருத்திப் பயன்படுத்தியமையால், அது இருவர் பெயராலும் வழங்குகின்றது.

1977 இல் தூரிங் பரிசு இவரை வந்தடைந்தது. பரிசேற்ற பேருரையிலோ, தம் புகழுக்குக் காரணமான போட்ரான் உட்பட வழக்கிலிருந்த மொழிகளையே பக்கஸ் கண்டித்தார். அவை பொறியின் அமைப்புக்கே கட்டுண்டு, நினைவகத்துக்கும் செயலகத்துக்குமிடையே எண்களை ஒவ்வொன்றாகக் கடத்தும் போக்கினவென்றார். கணிதச் சார்புகளை இணைத்தே செய்நிரல் ஆக்கும் வேறொரு நெறியையும் முன்வைத்தார். அதற்கென அவர் வகுத்த மொழி பெருவழக்குப் பெறவில்லை. எனினும் அந்நெறியினர்க்கு அவ்வுரை ஊக்கமளித்தது.

1991 இல் ஓய்வுபெற்ற பக்கஸ் 2007 இற் காலமானார். அவர் குறைகண்ட போட்ரானோ விஞ்ஞானக் கணிப்புக்களில் இன்றும் பயன்படுகின்றது. தம் வெற்றியையே கற்றலின் முடிவெனக் கொள்ளாத அவருள்ளம், அவ்வெற்றியினும் போற்றத்தக்கதாம்.